வாஃபிள் சரியாக வராதபோது: அறிகுறியை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழிகள்

வீட்டில் காலை உணவுக்கு வாஃபிள் (பள்ளம் பள்ளமான இரு சூடான தட்டுகளுக்கு இடையே மாவை ஊற்றி, மூடிச் சுடும் பலகாரம்) சுடுபவர்கள், அது அந்தத் தட்டில் ஒட்டினாலும் தளர்ந்து போனாலும் முதலில் மாவைத்தான் குறை சொல்கிறார்கள். அடுத்த முறை மைதாவைக் கூட்டுகிறார்கள், பாலைக் குறைக்கிறார்கள், அதுவும் பலிக்காவிட்டால் வேறொரு செய்முறையைத் தேடிப் போகிறார்கள். ஆனால் பெரும்பாலான குறைகளுக்குக் காரணம் தட்டின் சூட்டிலும், மூடியைத் திறக்கும் நேரத்திலும், சுட்ட பிறகு வாஃபிளை எங்கே வைக்கிறோம் என்பதிலும் இருக்கிறது. ஆகவே எந்தக் குறை வந்தாலும் முதலில் சூட்டையும், அடுத்து நேரத்தையும், கடைசியாக மாவையும் சோதித்துப் பாருங்கள். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமலே போய்விடும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிலையான அளவு தேவை என்பதால், பேக்கிங் பவுடர் சேர்த்துச் செய்யும் சாதாரண வாஃபிளின் அளவை இங்கே தருகிறேன். மைதா 200 கிராம், கார்ன்ஃப்ளார் 30 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, சர்க்கரை 25 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி ஆகியவற்றை ஒன்றாகச் சலித்துக்கொள்ள வேண்டும். பால் 350 மில்லி, முட்டை 2, வாசனையற்ற எண்ணெய் 90 மில்லி ஆகியவற்றைத் தனியே அடித்து, மாவின் நடுவில் குழி செய்து ஊற்றிக் கலக்க வேண்டும். கரண்டியைத் தூக்கினால் மாவு கெட்டியான பட்டையாக விழுந்து, பரப்பில் ஓரிரு நொடி கோடாகத் தெரிந்து மறைய வேண்டும். கலந்தபின் பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் மைதா ஈரத்தை முழுமையாக இழுத்துக்கொள்ளும்.

அளவுகளைக் கோப்பையால் அளப்பதைவிடத் தராசில் நிறுப்பதே நம்பகமானது. ஒரே கோப்பையில் மைதாவைக் கரண்டியால் மெல்லப் போட்டு நிரப்பினால் ஏறத்தாழ 120 கிராமும், கோப்பையையே மாவில் அழுத்தி அள்ளினால் 150 கிராமும் வரும். இந்த வேறுபாடு ஒன்றே வாஃபிளைக் கனமாக்கப் போதும்.

மூடியைத் திறந்ததும் வாஃபிள் இரண்டாகப் பிளக்கிறது

மேல் பாதி மூடியிலும் கீழ்ப் பாதி அடித்தட்டிலும் ஒட்டிக்கொண்டு, நடுவில் ஈரமான மாவு தெரிகிற இந்த நிலைதான் எல்லாவற்றிலும் அதிகம் சோர்வு தருவது. இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: மூடியை முன்னதாகத் திறந்துவிட்டோம். வாஃபிள் வேகும்போது மாவில் உள்ள நீர் ஆவியாகி ஓரங்கள் வழியே வெளியேறுகிறது. அந்த ஆவி அடர்த்தியாக வந்துகொண்டிருக்கும்வரை நடுப்பகுதி இறுகவில்லை என்று பொருள். இறுகாத நடுப்பகுதியைவிட இருபுறத் தோலுக்கும் தட்டின் மேல் பிடிப்பு அதிகமாக இருப்பதால், மூடியை உயர்த்தியதும் வாஃபிள் தன் பலவீனமான இடத்தில், அதாவது நடுவில், கிழிகிறது.

ஆவியைக் கவனித்துப் பழகுங்கள். மாவை ஊற்றி மூடிய சிறிது நேரத்தில் ஓரங்களில் ஆவி வேகமாகக் கிளம்பும்; ஓரிரு நிமிடம் அப்படியே தொடர்ந்து, பின்னர் மெலிந்து, கடைசியில் இங்கும் அங்குமாக ஒரு இழை மட்டும் எழும். அந்த நேரத்தில் வாசனையும் பச்சை மாவிலிருந்து வறுத்த ரொட்டியின் வாசனைக்கு மாறியிருக்கும். அப்போது மூடியின் கைப்பிடியை மிக மெதுவாக உயர்த்திப் பாருங்கள். எதிர்ப்புத் தெரிந்தால் வற்புறுத்தாமல் விட்டுவிட்டு, இன்னும் முப்பது அல்லது நாற்பது நொடி கழித்து மீண்டும் பாருங்கள். தோல் நன்றாக உலர்ந்தபின் வாஃபிள் தானாகவே தட்டை விட்டு விலகும்.

சாதனத்தில் எரியும் பச்சை விளக்கு பலரைத் தவறான வழியில் கொண்டுபோகிறது. பெரும்பாலான மாதிரிகளில் அந்த விளக்கு தட்டின் சூட்டை மட்டுமே காட்டும். உள்ளே இருக்கும் வாஃபிள் வெந்ததா என்பது அதற்குத் தெரியாது. நேரத்தை எண்ணிச் சுடும் மாதிரிகள் இதற்கு விலக்கு என்றாலும், அவற்றிலும் ஆவியின் அடையாளமே இறுதித் தீர்ப்பாக இருக்கட்டும்.

பிளக்காமல் ஒட்டிக்கொள்கிறது

வாஃபிள் முழுதாக வெந்தும், பள்ளங்களின் அடியில் துண்டு துண்டாகப் பிடித்துக்கொண்டு வர மறுத்தால், தட்டின் பரப்பைப் பாருங்கள். மெல்லிய பழுப்பு நிறப் படலம் விரலுக்குப் பிசுபிசுப்பாகத் தெரிகிறதா? அது சூட்டில் கெட்டியாகி மேற்பரப்பில் படிந்துவிட்ட பழைய எண்ணெய். டப்பாவிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் ஸ்பிரேக்களில் லெசித்தின் என்ற கொழுப்புச் சேர்மானம் சேர்க்கப்படுவதுண்டு. அது நான்ஸ்டிக் பூச்சின் மேல் விரைவாகப் படலமாகிவிடுவதால், அவற்றைத் தவிர்ப்பது நல்லது. படலத்தை நீக்க, சமையல் சோடாவில் சிறிது நீர் சேர்த்துக் குழைத்து, ஆறிய தட்டில் தடவிப் பதினைந்து நிமிடம் வைத்து, மென்மையான பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பள்ளங்களைத் தேய்த்து, ஈரத் துணியால் பலமுறை துடைத்தெடுங்கள். மின்சார இணைப்பைக் கழற்றிய பிறகே இதைச் செய்ய வேண்டும். தட்டுகளைக் கழற்ற முடியாத சாதனத்தை எக்காரணம் கொண்டும் நீரில் முக்கக் கூடாது.

தட்டில் தடவுவதற்கு வெண்ணெயைவிட நெய் சிறந்தது. வெண்ணெயில் உள்ள பால் திடப்பொருள்கள் கருகி அடுத்த வாஃபிளைப் பிடித்துக்கொள்ளும். நெய் உருக்கும்போதே அவை நீக்கப்பட்டுவிடுவதால் அந்தத் தொல்லை இல்லை. சிலிக்கான் பிரஷ்ஷால் மேல், கீழ் இரு தட்டுகளிலும் மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும். மேல்தட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தட்டில் தடவும் எண்ணெயைவிட மாவுக்குள் இருக்கும் கொழுப்புதான் ஒட்டாமைக்கு முதன்மையான காப்பு என்பதையும் சொல்ல வேண்டும். உடல்நலம் கருதி எண்ணெயை மூன்றில் ஒன்றாகக் குறைத்துச் சுட்டால், எவ்வளவு நல்ல தட்டானாலும் ஒட்டத்தான் செய்யும். எண்ணெயைக் குறைக்க விரும்புபவர்கள் வாஃபிளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. அரிசியும் உளுந்தும் அரைத்த தோசை மாவை வாஃபிள் தட்டில் ஊற்றுபவர்களுக்கும் இதே காரணத்தால்தான் ஒட்டுகிறது. ஒரு கோப்பை மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கலந்து, தட்டிலும் சற்றுத் தாராளமாகத் தடவி, ஆவி முழுதும் நிற்கும்வரை விட்டால் வந்துவிடும்.

அடுப்பின் மேல் வைத்துத் திருப்பிச் சுடும் வார்ப்பிரும்புத் தட்டுக்கு வேறு கவனிப்பு தேவை. அமெரிக்காவின் ட்ராய் நகரைச் சேர்ந்த கார்னீலியஸ் ஸ்வார்ட்அவுட் 1869-ல் காப்புரிமை பெற்றது அடுப்பின் மேல் பயன்படுத்தும் இத்தகைய தட்டுக்குத்தான். இதில் இரு பக்கங்களையும் தனித்தனியே திருப்பிச் சூடாக்கிய பிறகே மாவை ஊற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சூடாக இருந்தால் மறுபக்கம் கட்டாயம் ஒட்டும். தோசைக்கல்லைப் பழக்குவதுபோல் எண்ணெய் தடவிக் காய்ச்சிப் பழக்கிய தட்டைச் சோப்பு போட்டு ஊறவைக்காமல், சூடு தணிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வைக்க வேண்டும்.

சுட்டதும் மொறுமொறுப்பாக இருந்தது, மேசைக்கு வருவதற்குள் தளர்ந்துவிட்டது

இங்கே பலர் செய்முறையை மாற்றிப் பார்த்து ஏமாறுகிறார்கள். வாஃபிளின் தோல் உலர்ந்தது, உட்புறம் ஈரமானது. தட்டிலிருந்து எடுத்தபிறகும் உள்ளேயிருக்கும் ஆவி வெளியேறிக்கொண்டே இருக்கிறது. வாஃபிளைச் சமதளத் தட்டில் வைத்தால் அடிப்பக்கத்து ஆவி போக வழியின்றி நீராகப் படிந்து தோலை நனைக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாலோ, சப்பாத்திக்குச் செய்வதுபோல் துணியில் சுற்றிச் சூட்டுப்பெட்டியில் வைத்தாலோ, மொறுமொறுப்பு சில நிமிடங்களில் போய்விடும்.

தீர்வு எளிது. எடுத்தவுடன் காற்று அடியிலும் புகும்படி கம்பி வலைத் தட்டின் மேல் ஒற்றை அடுக்காக வையுங்கள். எல்லோருக்கும் ஒன்றாகப் பரிமாற வேண்டுமானால், ஓவனை 100 டிகிரி செல்சியஸில் வைத்து, கம்பி வலையோடு உள்ளே வைத்தால் இருபது நிமிடம்வரை தோல் உலர்ந்தே இருக்கும். கடற்கரை ஊர்களிலும் மழைக்காலத்திலும் காற்றில் உள்ள ஈரத்தையும் தோல் இழுத்துக்கொள்வதால், அங்கே ஓவனோ, சுட்டவுடன் ஒவ்வொன்றாகப் பரிமாறுவதோ மட்டுமே கைகொடுக்கும்.

தட்டிலிருந்து எடுக்கும்போதே மென்மையாக இருந்தால் மட்டும் மாவைப் பற்றி யோசியுங்கள். முதலில், இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாகச் சுட்டுப் பாருங்கள். நிறம் வந்துவிட்டது என்பதாலேயே தோல் உலர்ந்துவிட்டதாக ஆகாது. அதிலும் தீரவில்லையென்றால், மாவில் எண்ணெய்க்குப் பதில் வெண்ணெய் சேர்ப்பவர்கள் அதை எண்ணெயாக மாற்றுங்கள். வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நீர் இருக்கிறது. எண்ணெயில் நீரே இல்லை. கார்ன்ஃப்ளாரில் பசைத்தன்மை தரும் புரதம் இல்லாததால், மைதாவில் சிறு பங்கை அதனால் ஈடுசெய்யும்போது தோல் மெலிதாகவும் முறுகலாகவும் வரும். சர்க்கரைக்குப் பதிலாகத் தேன் சேர்ப்பவர்கள், தேன் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தேனை மாவில் கலக்காமல் சுட்டபின் மேலே ஊற்றிக்கொள்வதே பொருத்தம்.

நிறமே வரவில்லை, வெளிறிக் கிடக்கிறது

தட்டின் மேற்பரப்பு ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஓரிரு சொட்டு நீரை விரலால் தெளித்தால் சுர்ரென்று ஒலித்துச் சில நொடிகளில் மறைய வேண்டும். ஓசையின்றித் தேங்கி மெல்ல நுரைத்தால் சூடு போதாது. விளக்கு எரிந்ததும் மாவை ஊற்றிவிடாமல் மேலும் மூன்று முதல் ஐந்து நிமிடம் பொறுத்தால், சூடு தட்டு முழுவதும் சீராகப் பரவும். முதல் வாஃபிள் மட்டும் எப்போதும் கெடுகிற வீடுகளில் இந்தப் பொறுமை ஒன்றே அதைச் சரிசெய்துவிடுகிறது. இரண்டாவது வாஃபிளுக்கும் இதே விதி பொருந்தும்: குளிர்ந்த மாவு தட்டின் சூட்டை இறக்கிவிடுவதால், ஒன்றை எடுத்தபின் மூடியை மூடி, விளக்கு மீண்டும் வரும்வரை காத்திருங்கள்.

நம் வீடுகளில் மின்னழுத்தமும் ஒரு காரணமாகிறது. சூடாக்கும் கம்பியின் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 750 வாட் தரும் சாதனம், அழுத்தம் 200 வோல்ட்டாக இறங்கினால் 570 வாட் அளவுக்கே தரும். ஏறத்தாழ கால் பங்கு சூடு குறைந்துவிடுகிறது. காலை வேளையில் மோட்டாரும் கீசரும் ஒன்றாக ஓடும்போது வாஃபிள் வெளிறினால் சந்தேகம் இங்கேதான் எழ வேண்டும். மெல்லிய நீட்டிப்பு வயரைத் தவிர்த்து, சுவர்ப் பிளக்கில் நேராகச் செருகுங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த 120 வோல்ட் சாதனத்தை நேரடியாக 230 வோல்ட்டில் செருகினால் அது கருகிப் போகும், தீ விபத்துக்கும் இடமுண்டு. அதன் வாட் அளவைத் தாங்கும் மின்மாற்றி இல்லாமல் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

சூடு சரியாக இருந்தும் வெளிறினால், மாவில் சர்க்கரையும் பாலும் போதுமா என்று பாருங்கள். பால் புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்துதான் அந்தப் பொன்னிறமும் வறுத்த மணமும் உண்டாகின்றன. பாலுக்குப் பதில் வெறும் நீரை ஊற்றிச் சர்க்கரையையும் விட்டுவிட்டால் நிறம் வருவதற்கான மூலப்பொருளே குறைந்துவிடுகிறது.

வெளியே சிவந்துவிட்டது, உள்ளே பச்சை மாவு

இது முந்தையதற்கு நேர் எதிரானது: சூடு அதிகம், அல்லது சர்க்கரை அதிகம், அல்லது மாவு மிகக் கெட்டி. சூட்டுக் குமிழை ஒரு படி குறைத்து, நேரத்தை ஒரு நிமிடம் நீட்டுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த மாவை உடனே ஊற்றினாலும் இப்படி ஆகும்; அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகு ஊற்றுங்கள்.

தட்டின் ஆழத்தையும் கவனிக்க வேண்டும். 1964-ல் நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சியில் மொரீஸ் வெர்மெர்ஷ் குடும்பத்தினர் விற்ற பெல்ஜிய வாஃபிள்கள் புகழ்பெற்ற பின், ஆழமான பள்ளங்கள் கொண்ட தட்டுகள் அமெரிக்காவில் பரவலாயின. அத்தகைய தட்டில் வாஃபிள் தடிமனாக வருவதால், ஆழம் குறைந்த தட்டுக்கென எழுதப்பட்ட மூன்று நிமிடக் கணக்கு போதாது. ஐந்து நிமிடம்கூட ஆகலாம். ஆழமான தட்டுக்கு, முட்டையின் வெள்ளைக்கருவைத் தனியே நுரைக்க அடித்துக் கடைசியில் மெல்லக் கலந்தால் உட்புறம் காற்றோட்டமாகி எளிதில் வேகும். நுரையின் முனை நிமிர்ந்து நின்று நுனி மட்டும் வளையும் பதத்தில் அடிப்பதை நிறுத்திவிடுங்கள்; அதற்கு மேல் அடித்தால் அது திட்டுத்திட்டாகி மாவில் கலக்காது.

ரப்பர்போல இழுக்கிறது

மாவை அளவுக்கு மீறி அடித்திருக்கிறீர்கள். மைதா நனைந்தபின் கலக்கக் கலக்க அதிலுள்ள பசைப்புரதம் வலுவடைகிறது. பரோட்டாவுக்கு அது வேண்டும், வாஃபிளுக்கு வேண்டாம். உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாத நிலை வந்ததும் நிறுத்துங்கள். சிறு கட்டிகள் மிதந்தால் கவலை வேண்டாம், பத்து நிமிட ஓய்வில் அவை பெரும்பாலும் கரைந்துவிடும். மிக்ஸியில் அடிப்பதை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். கோதுமை மாவில் செய்பவர்களுக்கு இது வேறு விதமாகத் தொல்லை தரும்: ஆட்டா மைதாவைவிட அதிக நீரை இழுப்பதால், அதே அளவு பாலில் மாவு இறுகி, வாஃபிள் தடித்த ரொட்டியாகிவிடும். பாதி ஆட்டா, பாதி மைதா என்று தொடங்கி, பாலை 40 முதல் 50 மில்லி கூட்டி, இருபது நிமிடம் ஊறவிட்டுச் சுடுங்கள்.

எழும்பவே இல்லை, கனமாக இருக்கிறது

பேக்கிங் பவுடர் பழையதாகியிருக்கலாம். கால் கோப்பை சூடான நீரில் அரைத் தேக்கரண்டி போட்டுப் பாருங்கள். உடனே பொங்கி நுரைத்தால் நல்லது, சோர்வாக ஓரிரு குமிழ் மட்டும் வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். சமையல் சோடாவை இப்படி வெறும் நீரில் சோதிக்க முடியாது; சில சொட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ சேர்க்க வேண்டும்.

இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. சோடாவுக்குப் புளிப்பு வேண்டும். தயிர் சேர்க்காத பால் மாவில் சோடாவைப் போட்டால் அது முழுமையாக வினைபுரியாமல் தங்கி, சோப்பு வாடையும் கசப்பும் தரும். ஒரு கோப்பை புளித்த பால்பொருளுக்கு அரைத் தேக்கரண்டி சோடா என்பது பொதுக் கணக்கு. அமெரிக்கச் செய்முறைகளில் வரும் பட்டர்மில்க் கெட்டியானது. அந்த அளவுக்கு நம் வீட்டு நீர்மோரை ஊற்றினால் மாவு நீர்த்து வாஃபிள் தட்டையாகிவிடும். முக்கால் பங்கு கெட்டித் தயிரையும் கால் பங்கு பாலையும் அடித்துச் சேர்ப்பதே அதற்கு நெருக்கமானது.

மாவு ஓரங்களில் வழிந்தோடினால் அளவைக் குறைத்து, நடுவில் ஊற்றித் தட்டின் முக்கால் பரப்புவரை பரப்பி மூடுங்கள். மூலைகள் நிரம்பாவிட்டால் அடுத்த முறை ஒரு கரண்டி கூட்டுங்கள்.

முட்டையில்லாத வாஃபிள் உடைந்து போகிறது

வெந்த மாவைப் பிடித்து நிறுத்துவதில் முட்டைப் புரதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அது இல்லாதபோது வாஃபிள் இறுகுவதற்கு அதிக நேரம் வேண்டும். ஒரு முட்டைக்கு 60 மில்லி கெட்டித் தயிரும் ஒரு சிட்டிகை சோடாவும் சேர்த்து, சூட்டைச் சற்றுக் குறைத்து, வழக்கத்தைவிட ஒன்றரை நிமிடம் கூடுதலாகச் சுடுங்கள். மூடியைத் திறந்தபின் உடனே எடுக்காமல் அரை நிமிடம் தட்டிலேயே விட்டால் தோல் உறுதியாகி, உடையாமல் வரும்.

ஈஸ்ட் சேர்த்த மாவு புளித்துவிட்டது

பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் வாஃபிளும் லியேஜ் வாஃபிளும் ஈஸ்ட்டால் எழும்புபவை. இரவில் கலந்து வைத்துக் காலையில் சுடும் ஈஸ்ட் மாவு, குளிர்நாட்டுச் சமையலறையில் இரவு முழுதும் வெளியே தாக்குப்பிடிக்கும். 30 டிகிரி இரவில் அது சில மணி நேரத்திலேயே பொங்கி அமிழ்ந்துவிடும். அப்படி மிகைப் புளிப்பேறிய மாவில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுவிடுவதால், வாஃபிள் மது வாடையோடு வெளிறியும் வரும். ஒரு மணி நேரம் வெளியே வைத்து, நுரைக்கத் தொடங்கியதும் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். புளித்துவிட்ட மாவில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் ஒரு சிட்டிகை சோடாவும் சேர்த்தால் ஓரளவு மீட்கலாம்.

லியேஜ் வாஃபிள் கரைசல் மாவால் ஆனதல்ல, பிசைந்த மாவால் ஆனது. அதில் கட்டியான முத்துச் சர்க்கரை சேர்க்கிறார்கள். அதற்குப் பதில் சாதாரணச் சர்க்கரையைச் சேர்த்தால் அது மாவிலேயே கரைந்து, வாஃபிள் இளகிவிடும். முத்துச் சர்க்கரை கிடைக்காதபோது சர்க்கரைக் கட்டிகளைச் சிறு துண்டுகளாக உடைத்துத் தூளைச் சலித்துவிட்டுச் சேர்க்கலாம். இந்த வாஃபிளுக்குச் சூடு சற்றுக் குறைவாக, 170 டிகிரி அளவில் இருந்தால் போதும், இல்லையேல் உருகிய சர்க்கரை கருகிக் கசக்கும். தட்டில் வழிந்த சர்க்கரைப் பாகு ஆறி இறுகும்முன், நன்கு பிழிந்த ஈரத் துணியை மரக்கரண்டியில் சுற்றித் துடைத்துவிடுங்கள். கையால் நேரடியாகத் தொட்டால் கொப்பளிக்கும்.

மிஞ்சியதைச் சூடாக்கினால் தோல்போல் ஆகிறது

மைக்ரோவேவில் சூடாக்குவதே இதற்குக் காரணம். அது உள்ளிருக்கும் நீரைச் சூடாக்கித் தோலை நனைக்கிறது. மிஞ்சிய வாஃபிளைக் கம்பி வலையில் முழுதாக ஆறவிட்டு, இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து, காற்றுப் புகாத பையில் ஃப்ரீசரில் வையுங்கள். வேண்டும்போது உருக விடாமல் அப்படியே டோஸ்டரிலோ, 180 டிகிரி ஓவனிலோ ஐந்து முதல் எட்டு நிமிடம் வைத்தெடுத்தால் தோல் மீண்டும் முறுகும். பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில் பயன்படும் என்று முன்கூட்டியே சுட்டு வைப்பவர்கள், இரண்டாம் சூட்டில் கருகாமல் இருக்க, முதல் முறை பொன்னிறத்துக்குச் சற்று முன்பே எடுத்துவிட வேண்டும். ஆனால் ஆவி நின்ற பிறகே எடுக்க வேண்டும்.